புயலுக்கு ஒரு வாரிசு

"கொல்ல வேண்டாம் சார், பாவம். ஓய்வு குடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார் சின்ன முதலாளி.

எதிரே உட்கார்ந்திருந்த ஆசிரியருக்கு அப்போதுதான் போன மூச்சு திரும்பி வந்தது. காலையிலிருந்து புயலை எப்படித் தீர்த்துக்கட்டுவது என்பதுதான் பேச்சாக இருந்தது. எரிமலையில் தள்ளுவதா, விண்வெளியில் விட்டுவிட்டு வந்துவிடுவதா என்று சின்ன முதலாளி தேநீர் குடித்துக்கொண்டே யோசனை சொல்ல, ஆசிரியர் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் போல முழித்துக்கொண்டிருந்தார்.

புயல் என்பது அந்தப் படக்கதை வார இதழின் ஒரே சூப்பர் ஹீரோ. கணுக்கால் வரைக்கும் தொங்கும் சாம்பல் நிறப் போர்வை, கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடும் முகமூடி, கதவளவுக்குத் தோள். எங்கே அநியாயம் நடந்தாலும் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து குதிப்பார். "நான் இருக்கிறேன்" என்பார். அதற்கே அப்பாவும் பிள்ளையுமாக விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள் வாசகர்கள். ஆசிரியர் அந்த இதழுக்கு வேலைக்கு வந்தபோது அவர் தலையில் முடி இருந்தது. முடி போய்விட்டது. புயல் மட்டும் இருந்தார்.

"சார், நம்ம வாசகர்கள்ல பாதிக்கு மேல பெண்கள்" என்று விரலை மடக்கினார் சின்ன முதலாளி. "மிச்சப் பேர்லயும் எத்தனை விதமான மனுஷங்க. ஆனா ஹீரோ மட்டும் எங்கப்பா காலத்துலேர்ந்து அதே ஒரு தடி ஆம்பளை. உலகம் எங்கேயோ போயிடுச்சு சார். வேற மாதிரி ஒரு வாரிசு வரணும். அடுத்த மாசம் சிறப்பிதழ். வரலைன்னா, இதழை மூடிட்டுக் காலண்டர் அடிக்கப் போயிடலாம்னு இருக்கேன்."

"வேற மாதிரின்னா?"

"முதல்ல, பெண்ணா இருக்கட்டும். மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க. கதைக்காரர்கிட்டயும் நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

ஆசிரியர் தலையை ஆட்டி வைத்தார். கதைக்காரர்தான் புயலைப் பெற்றவர். வேறு ஊரில் இருந்தார். வாரந்தவறாமல் கதையை மட்டும் அனுப்புவார். ஆளை இந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆசிரியர் அவரோடு தொலைபேசியில் பேசியதுண்டு. பேசியது என்று சொல்ல முடியாது, கேட்டுக்கொண்டது. கடைசித் தடவை ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காகக் கேட்டுக்கொண்டார். காது ஒரு வாரம் ரீங்காரம் போட்டது.

'நாளைக்குச் சொல்லிக்கலாம்' என்று தீர்மானித்தார். தீர்மானித்ததும் பசி எடுத்தது.

ஓவியர் தன் மேஜையில் குனிந்து கூரை ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடினார்.

"பொண்ணா? எனக்கு வராதே சார்."

"முப்பது வருஷமா ஆள் வரையறீங்க, வராதுன்னா?"

"எங்க சார் ஆள் வரைஞ்சேன்? போர்வையும் முகமூடியும்தான் வரைஞ்சேன்."

ஆனாலும் வரைந்தார். சாயங்காலம் கொண்டுவந்து நீட்டினார். படத்தில் இருந்த பெண்ணுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. ஒரு கோடு இருந்தது. உதட்டில் சாயம், காலில் குதிகால் உயர்ந்த செருப்பு.

"இதைப் போட்டுக்கிட்டு மாடி விட்டு மாடி எப்படிய்யா தாவறது?"

"கழட்டிக் கையில வெச்சுக்கிட்டுத் தாவலாம் சார்."

"அப்போ திருடனை எந்தக் கையால பிடிக்கிறது? நிஜமான பொம்பளை யாரையாவது நினைச்சுக்கிட்டு வரைங்க. நடக்கிற, பேசற, கோபப்படற பொம்பளை."

ஓவியர் யோசித்தார். பிரம்மச்சாரி. அவருக்குத் தெரிந்த, கோபப்படுகிற பெண் ஒருவர்தான். ஆசிரியர் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிடப் போயிருந்தபோது கதவைத் திறந்தவர்.

மறுநாள் வந்த படம் பிரமாதம். நின்ற தோரணை, புருவத்தை ஏற்றின விதம், இடுப்பில் ஊன்றிய கை எல்லாவற்றிலும் உயிர் இருந்தது. 'எங்கேயோ பாத்த முகமா இருக்கே' என்று நினைத்துக்கொண்டே ஆசிரியர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது மனைவி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கி நின்றாள். அதே தோரணை. அதே கை, அதே இடுப்பு. ஆசிரியருக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க... நானா?"

இந்த இடத்தில் புத்திசாலி ஒருவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ஆசிரியர், "ஆமா, பின்னே?" என்றார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு தடவை என்னை நிமிர்ந்து பாத்திருப்பீங்களான்னு நினைச்சேன். உள்ளுக்குள்ள இவ்வளவு வெச்சிருந்தீங்களா?"

அன்று அவருக்கு ராஜ உபசாரம். அவர் கேட்காமலே விசிறி அவர் பக்கம் திரும்பியது. அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் மனைவி தன் தங்கைகள் அத்தனை பேருக்கும் தொலைபேசியில் சொல்லி முடித்திருந்தாள். "இனிமே புயல் இல்லடி, நான்தான்!"

அலுவலகத்தில் சின்ன முதலாளி படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நல்லா இருக்கு. ஆனா இது வெறும் பெண்தானே? வேற மாதிரின்னு சொன்னேனே."

"பெண் போதும்னு..."

"முதல்ல பெண்ணுன்னு சொன்னேன் சார். வயசான பெண்ணா ஆக்குங்க. வயசானவங்களும் படிக்கறாங்க இல்ல?"

ஓவியர் தலையில் நரையும் நெற்றியில் நாலு கோடும் போட்டார். திருத்திய படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது ஆசிரியருக்குத் தெரியும். கொண்டுபோகவும் இல்லை. ஆனால் சின்ன முதலாளி அதை நோட்டீஸாக அடித்துக் கடை கடையாக ஒட்டிவிட்டார். மளிகை வாங்கப் போன மனைவி, கடைச் சுவரில் தன்னையே பார்த்தாள். கிழவியாக.

"இதுதான் உங்க மனசுல இருக்கிற நானா?"

"அது... இன்னும் இருபது வருஷம் கழிச்சு நீ..."

விசிறி மறுபடி மனைவி பக்கம் திரும்பிக்கொண்டது.

இதற்குள் செய்தி அலுவலகத்தில் பரவிவிட்டது. ஊன்றுகோல் ஊன்றி நடக்கும் கணக்காளர் ஆசிரியர் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வாரிசுன்னு வரும்போது என்னை மாதிரி ஒருத்தர் ஏன் வரக் கூடாது? சின்ன வயசுல புயல் படிச்சுட்டு நானும் மாடியிலேர்ந்து குதிச்சவன்தான். குதிச்ச மாதிரி நினைச்சுக்கிட்டவன்."

ஆசிரியருக்கு நெஞ்சு இளகிவிட்டது. "கண்டிப்பா" என்றார்.

அவர் போனதும், பூதக்கண்ணாடி போலக் கண்ணாடி போட்ட பிழைதிருத்துகிற அம்மா வந்தார். "கண்ணாடி போட்ட ஹீரோ யாராவது உண்டா சார்? கழட்டினாத்தான் ஹீரோ. அது என்ன நியாயம்?" அதுவும் நியாயமாகத்தான் பட்டது. "கண்டிப்பா" என்றார். அடுத்து திக்கித் திக்கிப் பேசும் காவலாளி வந்தார். அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்து, அவருக்கும் ஒரு "கண்டிப்பா" கொடுத்தார். மத்தியானத்துக்குள் அவர் 'கண்டிப்பா' சொல்லாத ஆள் அந்தக் கட்டடத்தில் பாக்கி இல்லை. சுபாவம் அப்படி. அவரால் ஒருவர் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல முடிந்ததே கிடையாது.

"இந்த ஏழு பேரையும் ஒரே ஆள்ல அடக்க முடியாது சார்" என்றார் ஓவியர். "ஏழு வாரிசா போட்டுடலாம்."

"ஏழு பேர் சேர்ந்து ஒரு திருடனை அடிச்சா, வாசகர் திருடன் பக்கம் போயிடுவாங்கய்யா."

கடைசியில் ஏழு பேரும் முறைவைத்துக்கொண்டு வருவதாக, கதைக்காரரிடம் சொல்லாமலே தானே கதை எழுதினார் ஆசிரியர். திங்கட்கிழமை ஒருவர், செவ்வாய்க்கிழமை ஒருவர் என்று. முதல் அத்தியாயத்தின் நகல் வந்த அன்றே கணக்காளர் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கடைசிப் பக்கத்துல எதுக்கு சார் நான் ஊன்றுகோலைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடறேன்?"

"ஒரு உணர்ச்சிகரமான முடிவா இருக்கட்டும்னு..."

"அது நல்ல ஊன்றுகோல் சார்! எனக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது. எதுக்கு எறியணும்? அதாலயே நாலு பேரை அடிக்கிற மாதிரி எழுதக் கூடாதா?"

பின்னாலேயே பிழைதிருத்துகிற அம்மா. "எனக்கு ஏன் ஞாயித்துக்கிழமை போட்டீங்க? அன்னிக்கு எந்தத் திருடன் சார் வருவான்?"

ஆசிரியர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். கடித்த கடியில் கடைவாய்ப் பல் வலி பிடுங்கிவிட்டது.

தெருக்கோடியில் புதிதாக ஒரு பல் மருத்துவர் வந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்து, வாயில் பஞ்சும் கண்ணாடியும் மருத்துவரின் இரண்டு விரலுமாக மேலே பார்த்தபோதுதான் ஆசிரியர் கவனித்தார். கூரை முழுக்கப் புயல். அட்டைப்படம் அட்டைப்படமாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"உங்களைப் பாத்தா ஆசிரியர் மாதிரி இருக்கே?" என்று குனிந்தார் மருத்துவர். "ஐயையோ, நீங்கதானா! நான் புயல் ரசிகர் மன்றத் தலைவர். அண்ணனோட ஒரு இதழ் விட்டதில்லை. எந்தப் பக்கம் வேணா கேளுங்க, அப்படியே ஒப்பிப்பேன். பயம்னா என்னன்னு தெரியாத ஆம்பளைச் சிங்கம் சார்! பல்லுக்குப் பயந்துக்கிட்டு வர்ற குழந்தைங்களுக்கு அண்ணனைக் காட்டித்தான் வாயைத் திறக்க வைக்கறேன்."

"ஆ" என்றார் ஆசிரியர்.

"ஊர்ல ஒரு புரளி. அண்ணனை வீட்டுக்கு அனுப்பறீங்களாம். யாரோ வீட்டம்மாவைப் போடப் போறீங்களாம். என்கிட்ட பல்லு காட்ட வந்த ஒரு அம்மா, 'எங்கக்காதான் அது'ங்கறாங்க. நான் நம்பலை. நீங்களே சொல்லுங்க, உண்மையா?"

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் ஆசிரியர் ஆசைப்பட்டார். பஞ்சைத் தாண்டி, "ஆ... ஆ..." என்றுதான் வந்தது.

"ஆமாவா?"

துளைபோடும் கருவியின் சத்தம் ஒரு சுருதி ஏறியது.

மறுநாள் காலை அலுவலக வாசலில் பெரும் கூட்டம். ஒரு பக்கம் சாம்பல் போர்வை போர்த்திய ரசிகர்கள். 'அண்ணனுக்கு ஓய்வில்லை' என்று தட்டி பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் பல் மருத்துவர். மறுபக்கம் ஆசிரியரின் மனைவியும் தங்கைகளும். கையில் பழைய படம், நரைக்கு முந்தையது. 'முதல் படமே வேண்டும்!' நடுவில், யார் பக்கம் என்று தெரியாமல், ஏழு வாரிசுகள்.

சின்ன முதலாளி ஜன்னலோரம் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். "பாத்தீங்களா சார், காசு செலவில்லாம விளம்பரம்!"

மத்தியானச் செய்தித்தாளில் கூட்டத்தின் படம் வந்துவிட்டது. அது வந்த சூட்டோடு ஆசிரியரின் மேஜையில் தொலைபேசி அடித்தது.

"நான்தான்" என்றது அந்தக் குரல்.

ஆசிரியர் எழுந்து நின்றார். தொலைபேசிக்கு எழுந்து நிற்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"பேப்பர் பாத்தேன். ஒண்ணும் புரியலை. நாளைக்குக் காலையில அங்க வர்றேன். எங்க அக்காவும் வர்றாங்க. அவங்களுக்கும் என்னன்னு தெரிஞ்சாகணுமாம்."

வைத்துவிட்டார். கத்தவில்லை. கத்தாததுதான் ஆசிரியருக்குக் கிலியாக இருந்தது. தனியாகத் திட்டினால் போதாது என்று துணைக்கு ஆள் வேறு அழைத்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் போய்ச் சொல்லி அழலாம் என்றால், மனைவி தட்டிக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கூட்டம் இன்னும் பெருத்திருந்தது. வாசலை விட்டுக் கொடுக்க இரண்டு தரப்புக்கும் மனமில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியரின் கண்ணில், வாடகைக் காரிலிருந்து இறங்கிய ஒடிசலான மனிதர் ஒருவர் பட்டார். அவரைப் பின்தொடர்ந்து, இரண்டு பெரிய பெட்டிகளையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு ஓர் அம்மாள். நல்ல உயரம். நல்ல அகலம்.

"கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்றார் அம்மாள்.

"அண்ணனுக்கு நியாயம் கிடைக்கற வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள போகக் கூடாது!" என்று கை விரித்து நின்றார் பல் மருத்துவர்.

அம்மாள் பெட்டிகளைக் கீழே வைத்தார். பல் மருத்துவரை இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, பூந்தொட்டியை நகர்த்துவது போல ஓரமாக வைத்தார். திரும்பப் பெட்டிகளை எடுத்துக்கொண்டார். இரண்டு தரப்பும் தானாக விலகி வழிவிட்டது.

ஆசிரியர் அறையில் எல்லோரும் கூடினார்கள். சின்ன முதலாளி, ஓவியர், வாரிசுகள் சார்பில் கணக்காளர், இன்னும் தரையில் கால் பாவாதவர் போலிருந்த பல் மருத்துவர், கணவன் முகத்தைப் பார்க்காமல் நின்ற மனைவி. கதைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு ஒரு நாற்காலி பற்றாமல் சோபாவைக் கொடுத்தார்கள். அவர் தேநீரில் பிஸ்கட்டை நனைத்தார்.

"சொல்லுங்க" என்றார் கதைக்காரர்.

ஆசிரியர் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையை ஒரே மூச்சில் சொன்னார். "ஐயா, மன்னிக்கணும். முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், பயத்துல சொல்லலை. புயலை மாத்தச் சொன்னாங்க. நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். யார்கிட்டயும் வேண்டாம்னு சொல்ல எனக்கு வராது. எனக்குப் புயல்னா உசிரு. ஆனா சின்ன முதலாளி கேட்டதும் தப்பில்லை. இவங்க ஒவ்வொருத்தரும் கேட்டதும் தப்பில்லை. எத்தனை நாளைக்குத்தான் ஒரு ஆம்பளையே எல்லாரையும் காப்பாத்திக்கிட்டு இருக்கறது? அதான், அவருக்கு ஓய்வு குடுத்துட்டு, பதிலா ஒரு பெண்ணை..."

"இருங்க" என்று கை காட்டினார் கதைக்காரர். "எந்த ஆம்பளை?"

சின்ன முதலாளி ஓவியரைப் பார்த்தார், ஓவியர் ஆசிரியரைப் பார்த்தார்.

"எங்க அண்ணன் சார்! புயலண்ணன்!" என்று முன்னால் வந்தார் பல் மருத்துவர்.

"அண்ணன்னு நான் எழுதினேனா? எங்கே, எந்த இதழ்ல?"

பல் மருத்துவர் கண்களை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பிக்க ஆரம்பித்தார். "'புயல் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கினார்.' 'புயல் சிரித்தார்.' 'மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர்.' 'அதோ, அவர் போகிறார்...'" வேகம் குறைந்தது. குரல் நின்று உதடு மட்டும் அசைந்தது. உள்ளுக்குள் இதழ் இதழாகப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனவர், முதல் இதழ் வரைக்கும் போய்விட்டுக் கண்ணைத் திறந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு 'வந்தான்' கூட இல்லையே சார்."

"எப்படி இருக்கும்?" என்றார் கதைக்காரர். "தெருவுல என்னை எவனாவது அடிச்சா, கூரை ஏறிக் குதிச்சு வந்து காப்பாத்தினவங்களைத்தான் எழுதினேன். வயசுல மூத்தவங்களை மரியாதை இல்லாமலா எழுதுவேன்?"

எல்லாக் கண்களும் சோபாவின் பக்கம் திரும்பின.

அக்கா பிஸ்கட்டை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அறையிலிருந்த ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இத்தனை வருஷமா என்னையா ஆம்பளைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?"